வசவு வாங்கும் உரிமை

என் பெயர் திம்மராஜன். தகப்பனார் பெயர் கெம்பராஜன். வயது ஐம்பது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருக்கிறேன். இவையெல்லாம் உனக்குத் தெரிந்தவைதாம், பிரசன்னா. ஆனாலும் எழுதுவது யார், எழுதுவது எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் வழக்கம். இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படியில் உன் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருந்த 'மேதகு மகாராஜா' என்னும் சொற்களை நான் ஏன் அடித்தேன் என்பதைச் சொல்வது ஒன்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள், உன் வரவேற்பு நடக்கவிருக்கும் மாசிப் பௌர்ணமி மாலையில் நான் எங்கே இருப்பேன் என்பதைச் சொல்வது மற்றொன்று. இதை உன் அம்மா படிக்கலாம், காவ்யா படிக்கலாம், அவள் வீட்டாரும் படிக்கலாம். மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. மறைக்க நினைத்த ஒன்றையும் எழுதிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து பால்கனிக்குப் போகிறேன். சிப்காட் பக்கமிருந்து ஷிப்டு பஸ்கள் திரும்புவதைப் பார்க்கிறேன். உள்ளே வந்து தாத்தாவின் போர்வையைச் சரிசெய்கிறேன்; அது சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி பேனாவை எடுக்கிறேன். தொழிற்சாலையில் ஓர் அளவு தவறினால் அதை எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியும். இது எந்த இடத்தில் தவறியது என்று தெரியவில்லை. போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

"எதுக்குப்பா அத அடிச்சீங்க? காவ்யா வீட்ல எல்லாரும் அதத்தான் எதிர்பாத்துக்கினு இருக்காங்க. மேடையே அரண்மனை செட்டுப்பா. தாத்தாவுக்கு சிம்மாசனம்கூட சொல்லியாச்சி" என்றாய். "நாட்டில் மகாராஜா என்று யாரும் இல்லை. இல்லாத ஒன்றை அச்சடிக்கக் கூடாது" என்றேன். நீ சிரித்தாய். "இல்லாத ஒண்ணுக்குத்தான் வருஷா வருஷம் கெரெகோட்டைக்குப் போறீங்களா?" என்று கேட்டாய். நான் இணைப்பைத் துண்டித்தேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை. ஒழுங்கான கேள்வி அது. ஒழுங்கான பதிலுக்கு உரியது.

உன் தாத்தா பிறந்தபோது கெரெகோட்டைப் பாளையம் என்பது தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் சில சிற்றூர்கள், ஓர் ஏரி, ஒரு மண்கோட்டை, ஓர் அம்மன் கோயில், அவ்வளவுதான். பெரிய சமஸ்தானங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாந்தோப்பு. ஆனாலும் ஆளுகை ஆளுகைதான். தலைப்பாகை இருந்தது, கோல் இருந்தது, அவருடைய தகப்பனார் சொன்னால் தீர்ப்பு. தொரெ என்று அழைத்தார்கள். கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள்பவருக்கு அதுதான் சொல். தகப்பனார் இறந்ததும் பள்ளிக்கூடச் சிறுவராயிருந்த உன் தாத்தாவுக்குப் பட்டம் கட்டினார்கள். தலைப்பாகை அவர் தலையைவிடப் பெரியது; கண்ணை மறைத்துக்கொண்டதால் சபையில் யார் பேசினார்கள் என்றே பார்க்க முடியவில்லை என்பார். அடுத்த மாம்பழப் பருவம் வருவதற்குள் அரசாங்கம் பாளையத்தை எடுத்துக்கொண்டது. செய்தி சொல்ல வந்த தாசில்தார், எதிரே நிற்கும் பையனைப் பார்த்துவிட்டு, இதை யாரிடம் சொல்வது என்று சுற்றுமுற்றும் தேடினாராம். "நம்மிடமே சொல்லலாம்" என்றாராம் உன் தாத்தா. தாசில்தாரும் குனிந்து அவரிடமே சொன்னாராம். நிலம் உழுதவர்களுக்குப் போனது. போக வேண்டியதுதான், அதில் அவருக்கும் குறையில்லை, எனக்கும் குறையில்லை. கோட்டையை மழை எடுத்துக்கொண்டது.

இரண்டு மட்டும் அவரிடம் மிஞ்சின. ஒன்று, 'நாம்' என்ற சொல். தன்னைக் குறிக்க அவர் 'நான்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மற்றொன்று, மாசிப் பௌர்ணமி வசவு.

நீ சிறுவயதில் வந்திருக்கிறாய். ஆனால் பொரியும் கடலையும் தின்று, கூட்டம் கூடும் முன்னரே என் மடியில் தூங்கிப்போவாய். ஆகவே முறையாகச் சொல்கிறேன். அன்று மாலை அம்மனுக்கு விளக்கேற்றியதும், ஊர்வலம் புறப்படும் முன், ஊர் அழைப்பவர் கோயில் எதிரே கிடக்கும் கல்லின்மேல் ஏறி நின்று, "ஆள்றவங்க இருக்கீங்களா?" என்று கூவுவார். மூன்று முறைவரை கூவலாம். அதற்குள் நம் குடும்பத்தில் மூத்தவர் எழுந்து, "நாம் இருக்கிறோம்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னபின் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வருடத்துக்கென்று ஊர் முன்கூட்டியே தேர்ந்த ஒருவர் முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேரே திட்டுவார். மழை பெய்யாதது முதல் மாடு செத்தது வரை எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இடையில் பேசக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது. முடிந்ததும் ஒரே சொல்: "கேட்டோம்." அதற்குப் பிறகுதான் அம்மன் நகரும். மூன்றாம் அழைப்புக்கும் பதில் வராவிட்டால் அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். பிறகு ஒருபோதும் அழைக்க மாட்டார்கள். வரி வாங்கும் உரிமை போயிற்று, தீர்ப்புச் சொல்லும் உரிமை போயிற்று. வசவு வாங்கும் உரிமையை மட்டும் எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தக்கது என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு மாசி. அந்த வருடம் வசவு சொல்ல வந்தவர் காட்டை ஒட்டி ராகி போட்டிருந்த லட்சுமக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். "ஏந் தொரெ, அறுக்கற நேரத்துல ஆன வந்து எங்க காட்டுலயே குடித்தனம் பண்ணிக்கினு போச்சி. நீ ஒசூருல ஃபேனு போட்டுக்கினு தூங்கினயா? ஊரு ராகியெல்லாம் ஆன தின்னுது, ஆள்றவன் ராகிய மட்டும் தொடலயாம். எப்பிடித் தொடும்? உனக்குத்தான் காடே இல்லயே!" கூட்டம் சிரித்தது. லட்சுமக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சிரிக்காதீங்கடா, நான் வசவு சொல்லிக்கினு இக்கறேன்" என்று அதட்டிவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினார். உன் தாத்தா தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி நின்றார். "கேட்டோம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்த அதிகாரமும் இல்லாத மனிதரை நிற்கவைத்து எதற்காக இது? திங்கட்கிழமை அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வனத்துறை அலுவலகத்தில் லட்சுமக்காவின் ராகிக்கு இழப்பீடு கேட்டு மனுவோடு வரிசையில் நின்றார். நானும் கூடப் போனேன். "இதைக் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்டேன். "அதிகாரம் இல்ல" என்றார். "வசவு வாங்கியாச்சில்ல?"

வேலை என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில், ஒரு தொழிற்சாலையின் வாயிலில் அவர் நேரக் காப்பாளர் ஆனார். தொழிலாளர்கள் அட்டையை இயந்திரத்தில் குத்திவிட்டு உள்ளே போவதை மேற்பார்ப்பதுதான் வேலை. கெரெகோட்டையிலிருந்து வந்து வேலை செய்தவர்கள், அவரைத் தாண்டும்போது தோளிலிருந்த துண்டை எடுப்பார்கள், அவர் "அட்டைய எடுப்பா, துண்ட எதுக்கு எடுக்கற?" என்பார். ஒரு மாசியில் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார்: 'நாளை நம் ஊர்த் திருவிழா. ஆகவே நாம் வேலைக்கு வர மாட்டோம்.' பணியாளர் அதிகாரி வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். படித்தவுடன் அவருக்கு வியர்த்துவிட்டது. நிர்வாகத்துக்குத் தகவல் போயிற்று, வாயிலுக்குப் போலீஸ் வேன் வந்தது, உன் தாத்தாவை உள்ளே அழைத்தார்கள்.

"யாருங்க இந்த 'நாம்'?"

"நாமதான்."

"அதான், யாரெல்லாம்? பேரச் சொல்லுங்க."

"கெம்பராஜன்."

"அப்பறம்?"

"அப்பறம் யாரும் இல்ல."

"ஒத்த ஆளு லீவுக்கா நான் போலீஸ் வேன கூப்பிட்டேன்?"

"அது உங்க விருப்பம். நாம கூப்பிடல."

அன்று முதல் கேன்டீனில் அவருக்குத் 'தொரெ ஸ்ட்ரைக்' என்று பெயர். இந்தக் கதையை நீ எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாய்; காவ்யாவிடமும் சொல்லியிருப்பாய். ஆனால் உனக்கு நான் சொல்லாமல் விட்ட பின்பகுதி ஒன்று உண்டு. மறுநாள் அந்தத் தொழிற்சாலையின் ஒரு பகுதி ஓடவில்லை. நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் கெரெகோட்டையில் விளக்குக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் கூட்டவில்லை. அது அவர்களுடைய திருவிழா, அவர்கள் போனார்கள். அதை நான் அப்போது தற்செயல் என்றே எண்ணினேன். இப்போது தோன்றுகிறது: அந்த அதிகாரி தமிழைத் தவறாகப் படிக்கவில்லை. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். மற்ற மொழிகள் பலவற்றில் இல்லாத இந்த வேறுபாட்டை நான் பள்ளியிலேயே படித்து மதிப்பெண் வாங்கியவன். வீட்டில் அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு அது ஆணவமாகவே ஒலித்தது.

அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: என் வீட்டில் ஒருமை. உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது குடும்பப் பெயர் எதையும் எழுதவில்லை. தலைப்பாகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மாசிக்கு மட்டும் எடுப்பேன். நீ கேட்டபோதெல்லாம், "அது முடிந்துபோன விஷயம்" என்று ஒரே வரியில் முடித்தேன். முடிந்துபோனதாக நான் சொன்ன ஒன்றை நீ கடைப் பொருள்போல எடுத்து மேடையில் வைக்கிறாய் என்றால், அந்தத் தவறில் என் பங்கு உன் பங்கைவிடப் பெரிது. பட்டத்தைப் பற்றி நீ யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாய். வசவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

போன ஆவணியில் தாத்தாவுக்குத் தலைசுற்றல் என்று மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளம் மருத்துவர். "என்ன பண்ணுதுங்க?" என்றார். "நமக்குக் காலைல இருந்து தல சுத்துது" என்றார் தாத்தா. மருத்துவர் என்னையும் பார்த்தார். "ரெண்டு பேருக்குமா சார்? வெளில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" நான் சிரித்திருக்கலாம். மாறாக, "'எனக்கு' என்று சொல்லுங்கள், அப்பா. அவர் குழம்புகிறார்" என்று திருத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மருத்துவர் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அந்த வாரத்துக்குள் பக்கவாதம் வந்தது. இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பது ஓரெழுத்து. "நா…" என்கிறார். 'ம்' என்று சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். வலப்பக்க உதடு ஒத்துழைப்பதில்லை. 'ன்' சொல்ல நாக்கு பல்லைத் தாண்டி மேலே எழ வேண்டும், அதுவும் எழுவதில்லை. ஆகவே அவர் சொல்ல வருவது 'நான்' என்பதா 'நாம்' என்பதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கா தெரியாது?" என்றாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் வந்தார். அவரை உனக்குத் தெரியும், கல்லின்மேல் ஏறி அழைப்பவர். சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்து, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, சர்க்கர விலை அவ்ளோ ஏறிப்போச்சா?" என்றார். "தொரெக்கு சுகருண்ணா. அந்த டப்பாவையே வீட்ட விட்டுத் தொரத்திட்டேன்" என்றாள் உன் அம்மா. முனியப்பன் தாத்தாவின் நாற்காலியருகே போய்க் குனிந்து, "தொரெ, மாசிக்கு வர்றீங்கதான?" என்று கேட்டார். "நா…" என்றார் தாத்தா. இடக்கை எழுந்து தலையைத் தொட்டது. "பாத்தியா, தலப்பாக எங்கங்கறாரு" என்றார் முனியப்பன் என்னிடம்.

"அவரால் சொல்ல முடியாது. முறைப்படி பதில் வாயால் வர வேண்டும்" என்றேன்.

"அதுக்குத்தான நீ இக்கற."

"அன்றைக்குப் பிரசன்னாவின் வரவேற்பு."

"தெரியும், தெரியும். பத்திரிக அடிக்கற எடத்துல எம் மச்சான் மவன்தான் இக்கறான். மகாராஜான்னு போட்டுகிதாமே?" உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். "மகாராஜா வூட்ல கல்யாணம்னு ஊருக்கு லீவா? சரி, நீ யோசன பண்ணி சொல்லு. கல்லப் பொரட்டணும்னா நாலு ஆளு வேணும், முன்னாடியே சொல்லி வெக்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றவர், என்னைப் பார்க்காமல், லிப்ட் கதவைப் பார்த்தபடி சொன்னார்: "வசவு யாருன்னு ஊர்ல பேசி முடிச்சாச்சி. எம் பொண்ணு சுதா."

லிப்டில் ஏறிப் போய்விட்டார். அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. உன்னிடம் இதுவரையும், உன் அம்மாவிடம் நேற்றுவரையும் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். சுதாவும் கெரெகோட்டைப் பெண்கள் இன்னும் சிலரும் எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு தொகுதி முழுவதும் குறையுள்ளது என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. காரணத்தைக் கண்டு எழுத வேண்டியவன் நான். அந்த வரிசையில் வேலை செய்தவர்களுக்குப் பயிற்சி போதாது என்று எழுதினேன். அது உண்மை. பயிற்சி கொடுக்க வேண்டிய துறை என்னுடையது, அவசரம் என்று சொல்லி அதைப் பாதியில் நிறுத்தச் சம்மதித்தவன் நான் என்பதும் உண்மை, அதை எழுதவில்லை. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை. அவர்களுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கெரெகோட்டைப் பிரிவு ரோடுவரை போய்க்கொண்டிருந்த கம்பெனி பஸ் இப்போது தேன்கனிக்கோட்டையோடு திரும்பிவிடுகிறது.

உன் தாத்தா வாழ்நாளெல்லாம் தான் செய்யாதவற்றுக்கு வசவு வாங்கினார். யானைக்கு, மழைக்கு, வராத பஸ்ஸுக்கு, ரேஷன் சர்க்கரைக்கு. அதனால்தான் அவ்வளவு நேராக நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன். பாளையம் போனபிறகு, செய்ததற்காக அந்தக் கல்லின் முன் நிற்கப்போகும் முதல் ஆள் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவ்யாவின் அப்பா வரவேற்புக்கு நாள் சொன்னபோது, அது மாசிப் பௌர்ணமி என்பது நாட்காட்டியைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும். "நல்ல நாள்" என்றேன். உள்ளுக்குள் ஒரு சுமை இறங்கியது. மகன் கல்யாணத்தைவிடச் சிறந்த காரணம் உலகத்தில் கிடைக்குமா? கல் புரளும், யாரும் என்னைக் குறைசொல்ல முடியாது. நீ சிம்மாசனத்தை வாடகைக்கு எடுத்ததற்காக உன்மேல் சினந்தேனே, பிரசன்னா, நான் உன் கல்யாணத்தையே ஒரு திரையாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இறக்கிவைத்த சுமைதான் என்னை இப்போது பால்கனிக்கும் மேசைக்குமாக அலைக்கழிக்கிறது.

ஆகவே, உன் கேள்விக்கு வருகிறேன். இல்லாத ஒன்றுக்காகத்தான் வருடந்தோறும் போகிறோமா? மகாராஜா இல்லை, அதனால்தான் அந்தச் சொல்லை அடித்தேன். ஆனால் அழைப்பு இருக்கிறது. அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பட்டத்தை எடுத்துக்கொண்டு வசவை விட்டுவிடலாம் என்று நீ நினைத்தாய். இரண்டையும் விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். உன் தாத்தா மட்டும் முதலாவது போனபின்னும் இரண்டாவதை விடாமல் வைத்திருந்தார். யார் பெரியவர் என்று உன்னிடம் வாதிட மாட்டேன்.

நீ குடும்பஸ்தன் ஆகப்போகிறாய். வழக்கமாகத் தகப்பன்மார் இந்த இடத்தில் பத்து அறிவுரை சொல்வார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும், அதையும் பிந்திக் கற்றேன். காவ்யா ஒருநாள் உன்னைத் திட்டுவாள். நீ செய்ததற்கும் திட்டுவாள், செய்யாததற்கும் திட்டுவாள். உன்னிடம் நல்ல காரணங்கள் இருக்கும். என் மகன் அல்லவா, வரிசையாக அடுக்கி வைத்திருப்பாய். அவற்றைக் கொஞ்சம் கீழே வை. முகத்தைத் திருப்பாதே. அவள் முடிக்கட்டும். 'கேட்டேன்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதைப் பற்றி ஏதாவது செய். இருபத்தெட்டு ஆண்டுகளாக உன் அம்மாவுக்கு நான் காரணங்களையே கொடுத்து வந்திருக்கிறேன். நேற்று இந்த முடிவைச் சொன்னபோது அவள் சொன்னது இது: "வசவுதான வேணும்? இங்கயே நான் குடுக்கறேன், டீசலு மிச்சம்." பிறகு பாத்திரம் துலக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சுதா சமாச்சாரத்த எங்கிட்ட இத்தன நாளா சொல்லல இல்ல?" என்றாள். காரணம் சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். "கேட்டேன்" என்றேன். "போயிட்டு வாங்க. முகூர்த்தத்துக்குள்ள வந்துடணும்" என்றாள்.

உன் வரவேற்பு மேடையில் எனக்குரிய இடம் காலியாக இருக்கும். அது உனக்கு அவமானமாகத் தெரியும் என்பதை அறிவேன். காவ்யாவின் அப்பாவிடம் நானே நேரில் போய்க் காரணத்தைச் சொல்கிறேன். சிம்மாசனத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அதில் உட்கார ஆளில்லை. பத்திரிகையில் 'கெம்பராஜன் அவர்களின் பேரன்' என்று மட்டும் இருக்கட்டும். நீ கெரெகோட்டைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்று உன் இடம் காவ்யாவின் பக்கத்தில்தான்.

நான் செய்யப்போவது இது. வரும் திங்கட்கிழமை, திரும்பி வந்த அந்தத் தொகுதியைப் பற்றிய என் அறிக்கையில் விடுபட்டதைச் சேர்த்து, ஆலைத் தலைவரின் அறைக்கு நானே எடுத்துச் சென்று, அந்தப் பெண்களைப் பயிற்சி கொடுத்துத் திரும்ப எடுக்கும்படி கேட்பேன். அவர் ஒப்புக்கொள்வார் என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மாசிப் பௌர்ணமி அன்று பிற்பகல், பெட்டியிலிருந்து தலைப்பாகையை எடுத்து உன் தாத்தாவின் தலையில் கட்டி, அவரை வண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்துத் தேன்கனிக்கோட்டைச் சாலையில் திரும்புவேன். விளக்கேற்றியதும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முனியப்பன் கூவியதும் அவர் "நா…" என்று தொடங்குவார்; விடுபட்ட மெய்யெழுத்தையும் மீதிச் சொல்லையும் நான் சொல்வேன். தலைப்பாகையைக் கழற்றி என் கையில் வாங்கிக்கொள்வேன். சுதா பேசி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடிவதற்குள் உன் முகூர்த்தத்துக்கு வந்து சேர்வேன். நம் குடும்பத்தில் ஆள்பவர்கள் கௌரவத்துக்காக எப்போதும் மூன்றாம் அழைப்புவரை காத்திருந்துதான் எழுவார்கள். நான் முதல் அழைப்பிலேயே எழுவேன்.